ஒரு சைஸ் கூடுதல்

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில்
எல்லைக்கல் மணலில் சரிந்து கிடக்கிறது.
அதற்கு இந்தப் பக்கம் எங்கள் மைதானம்.
பந்து சில நேரம் மாநிலம் தாண்டிப் போகும்.
அங்கே வலை முடிந்துகொண்டிருப்பவர்
மலையாளத்தில் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து
திருப்பி உதைப்பார்.

போன வருஷத் திருவிழாக் கோப்பையில்
ஏழு கோல் வாங்கினோம்.
பலகையில் எண் மாட்டுவது என் வேலை.
ஐந்துக்கு மேல் தகடு இல்லை.
ஐந்துக்குப் பக்கத்தில் இரண்டை மாட்டினேன்,
கூட்டிக்கொள்ளட்டும் என்று.
"அம்பத்திரண்டா?" என்று கேட்டது
கேரளத்திலிருந்து வந்த ஒரு குரல்.

அதற்கு முன்பெல்லாம்
ஆளைக் கூலிக்குப் பிடித்து ஆடினோம்.
கோழிக்கோட்டிலிருந்து இரண்டு பேர்,
லாகோஸ்காரன் ஒருவன்.
ஒரு ஆட்டத்துக்கு ஒரு வள்ளத்தின் வாரக்காசு.
கோப்பை வந்தது.
மறுநாள் அவர்கள் பஸ் ஏறினார்கள்.
கோப்பையில் மீன்குழம்பா வைக்க முடியும்?

பிறகுதான் ரெக்ஸலின் சார் வந்தார்,
ரயில்வேக்கு ஆடி முழங்காலைத் தொலைத்தவர்.
படிப்பகச் சுவரில் நீலப் பெயிண்டால் எழுதினார்:
முதல் வருஷம் தோற்போம்.
இரண்டாம் வருஷம் குறைவாகத் தோற்போம்.
மூன்றுக்கு நேரே ஒரு கோடு மட்டும்.
நான்கு, ஐந்துக்கு வெறும் சுவர்.

"தோக்கியதுக்கும் பிளானா சாரே?"
கூட்டத்தில் வியாகுலம் எழுந்து கேட்டார்.
எல்லாரும் சிரித்தோம்.
சிரித்து முடித்துக் கை தூக்கினோம்.

கடல்காரனுக்குப் பொறுமை அதிகம் என்று
எழுதுகிறவர்கள் எழுதட்டும்.
எங்களுக்கு அது கிடையாது.
ரேஷன் கடை வரிசையில் வந்து பாருங்கள்.
இது வேறு.
ஜாஸ்பெல் என்று ஒரு பொடியன், வயசு பதிமூன்று,
இடது காலால் பந்தை நிறுத்தும்போது
அது நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொள்கிறது.
அதைப் பார்த்தவன் ஏழு கோலை எண்ணுவானா?
எண்ணுவான். நான் எண்ணினேன்.

வளருகிற பிள்ளைகள் என்று
ஒரு சைஸ் கூட்டித்தான் பூட்ஸ் வாங்கினோம்.
நுனியில் பழைய வலைத்துண்டைத் திணித்து
டப் டப்பென்று ஓடுகிறார்கள்.

கிளீட்டஸ் மட்டும் பொழியூருக்குச் சாய்ந்துவிட்டான்.
அவர்களுடைய பச்சைப் பனியனைப் போட்டுக்கொண்டே
எங்கள் தெரு வழியாகப் போவான்.
இந்த வருஷம் முதல் ஆட்டத்து ராத்திரி
லட்சத்தீவுக்கு அப்புறத்திலிருந்து அவன் போன்.
சூரை விலை கேட்டான்.
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டான்.
கொஞ்சம் இரைச்சல்.
"எத்தனை?"
"நாலு."
மறுபடியும் இரைச்சல், எஞ்சின், காற்று.
"ஏழு இல்லியே" என்றான்,
லைன் அறுந்தது.

கடல் ஒவ்வொரு ஆடியிலும்
நாலைந்து அடி தின்கிறது.
கடல்பக்கத்துக் கார்னர் கொடியை
மூன்று தடவை பிடுங்கி நட்டாயிற்று.
ஐந்தாம் வருஷத்துக்கு மைதானம் மிஞ்சுமா என்று
சாரிடம் யாரும் கேட்கவில்லை.
கல் கொட்டித் தருவதாக
அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.
அது அவர்களுடைய பிளான்.

நேற்று ஒன்றுக்கு இரண்டு. தோல்விதான்.
ஆனாலும் வெடி போட்டார்கள்,
ஜெயித்தவர்கள் குழம்பிப் போனார்கள்.
எல்லாரும் போன பிறகு பெஞ்சுக்கடியில்
நனைந்த வலைத்துண்டு ஒன்று கிடந்தது.
"யாருக்கலே இது?"
ஜாஸ்பெல் பூட்ஸுக்குள் விரலை அசைக்கப் பார்த்தான்.
அசையவில்லை.
"கடிக்கி அண்ணே" என்றான், குற்றம் செய்தவன்போல.

ரசீதுப் புத்தகத்தைத் தேடவேண்டும்.

ஆறு, ஏழு, எட்டு என்று தகடு வெட்ட
வெல்டரிடம் போன வருஷமே சொல்லிவைத்திருந்தேன்.
இன்று காலை அவர் கடையைக் கடந்துதான் வந்தேன்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
வெட்டிவைக்கட்டும்.
எந்தப் பக்கத்தில் மாட்டவேண்டியிருக்கும் என்று
யாருக்குத் தெரியும்.